வாயில்லா ஜீவனும் வைத்தியச் செலவும்: வாசகர் கேள்வி – பதில்

கால்நடை பராமரிப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், வளர்ப்புப் பிராணிகள் குறித்த வாசகர்களின் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பல மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் மருத்துவச் செலவு பற்றியும் எழுதப்பட்டிருந்தன.

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் நாய்க்கு நான்கு வயது. சென்ற மாதம் இரண்டு நாட்கள் விடாமல் வாந்தி எடுத்ததால் அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. கடைசியில், "வயிற்றுக் கோளாறுதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் எனக்கு இது பெருந்தொகை. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? நல்ல மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது? (வாசகர், தாம்பரம்)

பதில்: நோய்க்குறிப்பைப் பார்க்காமல் ஏமாற்றப்பட்டீர்கள் என்றோ இல்லை என்றோ நான் சொல்வது முறையாகாது. ஆனால் "ஒன்றுமில்லை" என்று முடிந்ததை வைத்துப் பரிசோதனைகள் வீண் என்று தீர்மானித்துவிடாதீர்கள். லேப்ரடார் கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும் இனம். காலுறை, மாங்கொட்டை, பிள்ளைகளின் ரப்பர் பந்து என்று அதன் குடலிலிருந்து அறுவை செய்து எடுத்த பொருட்களைக் கொண்டு ஒரு பெட்டிக்கடையே வைத்துவிடலாம். இரண்டு நாள் வாந்திக்குப் பின்னால் அப்படியொரு அடைப்பு இருக்கலாம், கணைய அழற்சி இருக்கலாம், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் எலிக்காய்ச்சல் இருக்கலாம், அல்லது முந்தின நாள் தின்ற பிரியாணி எலும்பு மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். மனித நோயாளி எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். வாயில்லா ஜீவனிடம் அதே கேள்வியை இரத்தத்தைக் கொண்டும் படத்தைக் கொண்டும்தான் கேட்க முடிகிறது. துணியும் ரப்பரும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது என்பதால், அதன் பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கலாம்.

உண்மையான குறை வேறோரிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எவ்வளவு ஆகும், எதற்காக ஆகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லவில்லை; நீங்களும் கேட்கவில்லை. வீட்டுக்குச் சுவர் பூசுகிறவரிடம் கூலி பேசாமல் வேலை கொடுக்காத நாம், மருத்துவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு ரசீதைப் பார்த்து மனம் புழுங்குகிறோம். கட்டணத்தை வெளிப்படையாகக் கேட்பவரை நான் ஒருபோதும் அற்பமாக நினைத்ததில்லை. அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், அந்தத் தொகையை எந்தப் பரிசோதனைக்கு, எந்த மருந்துக்கு முதலில் செலவிட வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க என்னால் முடிந்தது. சொல்லாமல் இருப்பவருக்குத்தான் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டியதாயிற்று.

அடுத்த முறை ஒரு பரிசோதனையைச் சொன்னவுடன், இதில் என்ன தெரியவரும், முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை அதேதான் என்றால் இதை எடுக்கத்தான் வேண்டுமா, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் ஆபத்து உண்டா என்று பணிவாகக் கேளுங்கள். எரிச்சலின்றி விளக்குகிற மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பரிசோதனைகளை ஒரே மூச்சில் எடுக்காமல், முதலில் இரத்தமும் எக்ஸ்ரேயும், அவற்றில் விடை கிடைக்காவிட்டால் மட்டும் ஸ்கேன் என்று படிப்படியாகச் செல்ல இயலுமா என்றும் கேட்கலாம். நாய் தண்ணீரைக்கூட வயிற்றில் தங்கவிடாமல் வெளியேற்றுகிறது, வயிறு உப்புகிறது, எழுந்து நிற்க இயலவில்லை என்ற நிலையில் மட்டும் இந்தப் பேரத்துக்கெல்லாம் இடமில்லை.

மருத்துவரைத் தேர்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, அவர் மருத்துவர்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் வளர்ப்புப் பிராணிக் கடைக்காரரும், நாய்ப் பயிற்சியாளரும், மருத்துவமனையில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தவரும் தடுப்பூசி போட்டுப் பணம் வாங்குவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவிப் பணியாளர்கள் சிறு சிகிச்சைகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய அச்சட்டம் இடமளிக்கிறது, அவ்வளவே. பி.வி.எஸ்சி. பட்டப்படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதை முடித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கழகத்தில் பதிவு செய்தவருக்குப் பதிவு எண் உண்டு. மருந்துச் சீட்டில் அந்த எண்ணைப் பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள்.

இரண்டாவது, நாய்க்கு நோய் வருவதற்கு முன்பே மருத்துவரைத் தேடுங்கள். நள்ளிரவில் வலிப்பு வந்து துடிக்கும் நாயைக் காரில் போட்டுக்கொண்டு, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அலைகிறவருக்குத் தேர்வு என்று ஒன்று இருக்காது. நாய் நலமாக இருக்கும்போது தடுப்பூசிக்கென்றோ நகம் வெட்டவென்றோ ஒரு முறை சென்று, மருத்துவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். எடை பார்த்தாரா, வெப்பநிலை எடுத்தாரா, உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தாரா, வயிற்றைத் தடவிப் பார்த்தாரா, என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாரா? தலைக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியை எடுப்பவரைவிட, ஐந்து நிமிடம் தொட்டுப் பார்க்கிறவர் உங்கள் பணத்தை மிச்சப்படுத்துவார், ஏனென்றால் கையால் கண்டுபிடித்த கட்டியை ஸ்கேனால் தேட வேண்டியதில்லை. போட்ட ஊசி இன்னதென்று எழுதித் தருகிறாரா என்பதையும் பாருங்கள். மருந்தின் பெயரைச் சொல்லாமல் "ஒரு ஊசி போட்டிருக்கிறேன்" என்று அனுப்பிவிட்டால், அடுத்து பார்க்கும் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும்.

இரவு நேரத்தில் அவர் பார்ப்பாரா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவார் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். "இது என் கைக்கு மீறியது, இன்னாரிடம் செல்லுங்கள்" என்று சொல்லத் தயங்காதவரையே நான் நல்ல மருத்துவர் என்பேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில், வயிற்றில் கன்று மாறிக் கிடக்கும் பசுவிடம் எனக்கு இருந்த துணிவில் கால்பங்குகூடப் பூனையிடம் இருந்ததில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை மாவட்டத் தலைநகரில் இருந்த ஒரு நண்பரிடம் அனுப்பி வைத்தேன். அதனால் என் மதிப்பு குறைந்துவிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் நாய்க்குத் தனியார் மருத்துவர் கிடையாது. அரசு மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நாயைக் கொண்டுபோனால் பார்ப்பார்களா, அல்லது தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய்ச் செலவு செய்வதுதான் நல்லதா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மாட்டாஸ்பத்திரி என்பது ஊர் வைத்த பெயர், அரசு வைத்த பெயர் கால்நடை மருந்தகம். அங்கே நாய், பூனை, கோழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பார்க்கவும் செய்கிறார்கள். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சாதாரணக் காயம், சொறி, காய்ச்சல், உண்ணித் தொல்லை ஆகியவற்றுக்குத் தயங்காமல் அங்கேயே செல்லுங்கள். அங்குள்ள மருத்துவரும் அதே ஐந்தரை ஆண்டுப் படிப்பைப் படித்தவர்தான். அவரிடம் இல்லாதது படிப்பன்று. எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனைக் கருவியும் உள்நோயாளிக் கூடமும்தான். மேலும் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கும், கோமாரித் தடுப்பூசி முகாமுக்கும், கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கும் அவர் ஓட வேண்டியிருப்பதால், காலையில் சீக்கிரமாகச் சென்றால்தான் ஆளைப் பிடிக்கலாம். 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாக ஆடுமாடுகளுக்கானது. எனவே நாய்க்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கு மேற்பட்ட நோய் என்றால் நீங்கள் திருச்சி வரை போக வேண்டியதில்லை. உங்களுக்கு அருகில் ஒரத்தநாட்டில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்த மருத்துவமனையும் இருக்கின்றன. 2012இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியைப் போலவே நாமக்கல், திருநெல்வேலி முதலிய இடங்களிலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் தாய், 1903இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. அறுவை, எலும்பு, தோல், கண் என்று பிரிவு பிரிவாகப் பேராசிரியர்கள் இருக்கும் இவ்விடங்களில் கட்டணம் தனியார் மருத்துவமனையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பணத்தில் மிச்சமாவதைப் பொறுமையில் கட்ட வேண்டும், அவ்வளவே. ஓ.பி. சீட்டு வாங்குவது முதல் மருந்து வாங்குவது வரை அரை நாள் ஆகும். முதலில் மாணவர் பார்ப்பார், பிறகு அவர் ஆசிரியரை அழைத்து வருவார், அதே கேள்விகளை மீண்டும் கேட்பார்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். ஒரு நோயாளியைச் சுற்றி நான்கு பேர் நின்று யோசிப்பது தனியார் மருத்துவமனையில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காத வசதி என்பது என் கருத்து. கிளம்பும்போது நாய்க்குக் கழுத்துப் பட்டை, சங்கிலி, வாய்க்கட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், குடிதண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் நாய்கள் ஒன்றையொன்று கடித்து, வந்த நோயோடு புது நோயும் சேர்ந்து வீட்டுக்குப் போனதுண்டு.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுட்டதால் பக்கத்து வீட்டில் சொன்னபடி பாதி பாரசிட்டமால் மாத்திரை கொடுக்க இருந்தேன், என் மகள் தடுத்துவிட்டாள். சிறிய நோய்களுக்கு நம் மாத்திரைகளையே அளவு குறைத்துக் கொடுத்தால் செலவு மிச்சமாகுமே, அது தவறா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றுவதற்கான வேதிவினை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாகவே நடக்கிறது. அதனால் அம்மருந்தின் நச்சுப் பொருள் உடலில் தேங்கி, இரத்தத்தின் சிவப்பணுக்களை ஆக்சிஜன் சுமக்க இயலாதபடி கெடுத்துவிடுகிறது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. பாதி மாத்திரையும் உயிரைப் பறிக்கக்கூடும். தவறிக் கொடுத்துவிட்டவர்கள் அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நாய்க்கும் நம் வலி மாத்திரைகள் ஆகா. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் செயலிழப்பையும் உண்டாக்கும். (மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனதால், கால்நடைகளுக்கான அம்மருந்தை 2006இல் அரசு தடை செய்தது. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு நாம் பட்ட கடன் இது.) சர்க்கரையில்லாத சில இருமல் மருந்துகளிலும் மிட்டாய்களிலும் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். பூனை வளர்ப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: நாய்க்கென்று விற்கப்படும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது; அதைப் பூனைமேல் தடவினால் வலிப்பு வரும்.

இருந்தாலும் உங்கள் கேள்வியின் உள்ளே ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. பல மருந்துகள் மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவானவைதாம். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன், இதய நோய்க்குக் கொடுக்கும் எனலாப்ரில், நீர்கோப்புக்குக் கொடுக்கும் ஃப்ரூசமைடு ஆகியவை நீங்களும் நானும் விழுங்குபவைதாம். எனவே எந்த மருந்து, என்ன அளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். "வணிகப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரை எழுதித் தாருங்கள் ஐயா" என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ சென்றால், இருப்பில் உள்ளவற்றைக் குறைந்த விலையில் வாங்கலாம். ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டிய நாய்க்கு இந்த ஒரு வழக்கத்தால் ஆண்டுக் கணக்கில் கணிசமாக மிச்சமாகும்.

கேள்வி: இரண்டு மாத நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம். கையில் இருப்பது கொஞ்சம். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: சீப்பு, ஷாம்பு, சட்டை, மெத்தை, பொம்மை, ஒன்பது வகை பிஸ்கட் எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம். பழைய கோணிப்பையின் மேல் உறங்கும் குட்டிக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடாது. தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டியின் குடலைச் சிதைத்து இரத்தபேதியை உண்டாக்கும். வந்துவிட்டால் ஒரு வாரம் வரை நாள்தோறும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அப்படியும் பிழைக்கும் என்ற உறுதியில்லை. அந்த ஒரு வாரச் செலவில் அக்குட்டியின் பல ஆண்டுத் தடுப்பூசிகளை முடித்துவிடலாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று, பதினாறு வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். "இரண்டு ஊசி போட்டாயிற்று, போதும்" என்று பன்னிரண்டாம் வாரத்திற்கு முன்பே நிறுத்தியவர்களின் குட்டிகளைத்தான் பார்வோவோடு அதிகம் பார்த்திருக்கிறேன். வளர்ந்த பிறகு சிக்கனத்துக்கு ஒரு வழி உண்டு: பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கு ஆறு மாத வயதிலோ அதற்குப் பிறகோ ஊக்க ஊசி போட்டபின் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும் என்று உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. எலிக்காய்ச்சல் ஊசியை மட்டும் ஆண்டுதோறும் போட வேண்டும். இரண்டும் ஒரே கலவையாகக் கிடைப்பதால் நம் ஊரில் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் போடுகிறார்கள். பிரித்துப் போட இயலுமா என்று மருத்துவரோடு பேசிப் பாருங்கள்.

வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியில் எந்தச் சிக்கனமும் வேண்டாம். அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மருந்தில்லை, நாய் கடித்த மனிதருக்கும் மருந்தில்லை. மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடப்பதால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள். ஊசி போட்டவுடன் புத்தகத்தில் மருந்தின் ஒட்டுச்சீட்டு, தொகுதி எண், தேதி, மருத்துவரின் கையொப்பம் நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியை விற்றவர் "முதல் ஊசி போட்டாயிற்று" என்று வாயால் சொன்னதை ஊசியாகவே கணக்கில் எடுக்காதீர்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தாக வேண்டிய பொருள். மதிய வெயிலில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவரப்படும் ஊசியில் விலை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

தடுப்பூசிக்கு அடுத்தபடியாகக் குடற்புழு மருந்து, அது மலிவு. அதற்கடுத்து உண்ணி. நம் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுகாலமே கிடையாது. அது பரப்பும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்களால் இரத்தம் சுண்டிப்போய் வரும் நாய்களைப் பார்க்காமல் நான் ஒரு வாரத்தைக் கழித்ததில்லை. உண்ணியைத் தடுக்க மாதம் ஒரு முறையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. விலை அதிகம் என்று தோன்றினாலும், ஒரு மாத்திரையின் விலையை அது காக்கும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். தினமும் மாலையில் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகியவற்றைத் தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்குவதற்கோ ஒரு காசும் செலவில்லை.

பெண் குட்டியாக இருந்தால், இனப்பெருக்கம் செய்ய எண்ணமில்லாத நிலையில், கருத்தடை அறுவைக்கென்று இப்போதே மாதம் சிறு தொகை எடுத்து வையுங்கள். அறுவை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதுக்குப் பின் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வருவது சாதாரணம். அப்போது அதே கருப்பையை, உயிர் ஊசலாடும் நேரத்தில், பன்மடங்கு செலவில் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: பக் நாய் வாங்கலாமா, சிப்பிப்பாறை நாய் வாங்கலாமா? எதற்கு வைத்தியச் செலவு குறைவு? (வாசகர், சிவகாசி)

பதில்: சிப்பிப்பாறை உங்கள் மாவட்டத்து மண்ணில் முயலை விரட்டி வளர்ந்த இனம். பக், மூக்கு நசுங்கிய முகத்தோடு மூச்சுக்கே போராடுவது. சித்திரை வெயிலில் அதற்குக் குளிரூட்டியும், சில நேரம் மூக்குத் துளையையும் மேலண்ணத்தின் மெல்லிய பின்பகுதியையும் சீர்செய்ய அறுவையும் தேவைப்படும். செலவை மட்டும் கேட்டால் விடை எளிது. ஆனால் சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் அதைக் கட்டிப்போடுவதாக இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள்.

கேள்வி: நாய்க்குக் காப்பீடு எடுக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: எடுக்கலாம், ஆனால் விளம்பரத்தைப் படிக்காமல் விதிவிலக்குகளைப் படித்து எடுங்கள். எந்த வயது வரை சேர்ப்பார்கள், நாய் இறந்தால் மட்டும் பணமா அல்லது சிகிச்சைக்கும் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா, சேர்ந்து எத்தனை நாள் கழித்து உரிமை தொடங்கும், தடுப்பூசி போடாமல் வந்த நோயை ஏற்பார்களா என்ற ஐந்துக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். விடைகள் திருப்தி தராவிட்டால் அந்தப் பிரீமியத் தொகையை அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். நாய் நோயில்லாமல் வாழ்ந்தால் அது உங்கள் பணமாகவே இருக்கும்.

கேள்வி: வீட்டில் வளர்க்கும் பச்சைக்கிளியின் இறகு கொட்டுகிறது. மருத்துவர் பார்க்க மறுக்கிறார். வேறு யாரிடம் போகலாம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை, அதைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம். மருத்துவரின் தயக்கம் அதனால்தான். வனத்துறையிடம் நீங்களாகவே சென்று ஒப்படையுங்கள். மருத்துவத்துக்கும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். பறவை வளர்க்கும் ஆசை விடவில்லையென்றால், லவ் பேர்ட்ஸ் என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜெரிகர் வகைக்கு இந்தத் தடையில்லை.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றுகிறோம். இதுவரை என் இரண்டு வளையல்களை அடகு வைத்துவிட்டேன். நிறுத்திவிடலாம் என்று கணவர் சொல்கிறார். பணத்துக்காக ஓர் உயிரைக் கைவிடுவதா என்று எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதின்மூன்று ஆண்டு உங்கள் கையால் சோறு தின்ற ஜீவனைப் பற்றிப் பேசும்போது கணக்குப் பேசுவது கடினம்தான்; ஆனால் உங்கள் மருத்துவர் பேசாததை யாராவது பேசியாக வேண்டும்.

முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு திரும்பக் குணமாவதில்லை. டிரிப்ஸ் நோயை மாற்றாது; இரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் போன்ற கழிவை நீர்க்கச் செய்து, சில நாட்கள் பசியையும் தெம்பையும் தரும். அந்த நாட்கள் நல்ல நாட்களாக இருக்கும் வரை அச்செலவுக்குப் பொருள் உண்டு. எனவே மருத்துவரிடம், "குணமாகுமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "சென்ற மாத அளவுகளோடு ஒப்பிட்டால் இந்த மாதம் கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, இனி எத்தனை வாரங்களை எதிர்பார்க்கலாம்" என்று கேளுங்கள். நரம்பின் வழியாக ஏற்றும் நீரைத் தோலுக்கடியில் வீட்டிலேயே ஏற்றக் கற்றுத்தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பல நாய்களுக்கு அது போதும். போக்குவரத்தும், மேசைமேல் அழுத்திப் பிடிக்கும் கலவரமும், பெருமளவு செலவும் அதனால் குறையும். வாந்தியை அடக்கும் மருந்தும், உப்பும் பாஸ்பரசும் குறைந்த உணவும் தொடரட்டும்.

ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் தானாக எழுந்து வந்து தின்ற நாளுக்கு ஒரு குறி, தின்னாமல் முனகிக்கொண்டு கிடந்த நாளுக்கு வேறொரு குறி என்று தினமும் இரவில் போட்டு வாருங்கள். கணவரும் தனியாக ஒன்று போடட்டும். இரண்டு நாட்காட்டிகளிலும் கெட்ட நாட்கள் மிகுதியாகிவிட்டால், அப்போது எடுக்கப்படும் முடிவு பணத்துக்காக எடுத்ததாக இராது. மருத்துவம் பலன் தராமல் வேதனை மட்டுமே மிஞ்சும் விலங்குக்கு, பதிவு பெற்ற மருத்துவர் வலியில்லாத முடிவைத் தருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போடப்படும். நாய் உங்கள் மடியில் உறங்கிய பிறகுதான் மிகை அளவில் மயக்க மருந்து செலுத்தப்படும். ஆழ்ந்த மயக்கத்திலேயே இதயம் நிற்கும். என் வீட்டில் நான் வளர்த்த நாய்க்கு என் கையாலேயே அதைச் செய்தேன். இரண்டு வாரம் முன்பே செய்திருக்கலாமே என்ற வருத்தம்தான் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

மூன்றாவது வளையலை அடகு வைக்க வேண்டாம். அந்த நாள் வந்தால் வீட்டுக்கே வர இயலுமா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். கட்டணத்தையும் கேட்டு, முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் நிலையில் உங்கள் வீட்டில் யாரும் இருக்கமாட்டீர்கள்.